எடைக்கல் இளைத்த கதை

என் அண்ணன் எந்த நாற்காலியிலும் உட்காருவதற்கு முன் அதை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். காரணம் இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் கல்யாணத்தில், எல்லார் முன்னாலும், அவர் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் யார் கல்யாணத்துக்கும் போகவில்லை, தன் கல்யாணம் உட்பட என்று என் கணவர் கேலி செய்வார். என் கல்யாணத்துக்கு மட்டும் வந்தார். முழு நேரமும் நின்றுகொண்டே இருந்தார்.

இப்போது எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். என் கணவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற குடோனிலேயே அவருக்குப் பேக்கிங் மேசையில் வேலை. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பைக்கில் கிளம்புவதைப் பார்த்தால் எனக்குப் பைக்கை நினைத்துத்தான் பாவமாக இருக்கும்.

என் கணவர் வீட்டில் பாதுகாப்புத் துறை மந்திரி. ஸ்டூலில் ஏறி நான் பல்பு மாற்றினால் போச்சு. "கீழ ஒருத்தர் பிடிச்சுக்காம ஏறலாமா? விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று ஒரு பாட்டு. கேஸ் மூடியாகிவிட்டதா என்று படுத்த பிறகும் எழுந்து போய்ப் பார்ப்பார். குடோனில் அவரைப் போல வண்டி ஓட்ட ஆளில்லை என்று அண்ணனே சொல்வார். பெட்டியை இறக்கிவைத்தால் தூசிகூட எழும்பாதாம். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, மறைப்பானேன்.

அண்ணனுக்கு முட்டி வலி வந்தது. மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு "அம்மா". இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உடம்பைக் குறைங்க. இல்லன்னா இந்த முட்டி ரெண்டும் உங்களைக் கைவிட்டுடும்" என்றார். வெளியே வந்த அண்ணன் படியிலேயே நின்றுவிட்டார். 

"பாப்பா, காலு போச்சுன்னா அப்புறம் நான் யாருக்கு ஆவேன்?"

"அதான் சொல்லிட்டாரே, நடங்க. நானும் கூட வரேன்" என்றேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இருவரும் பக்கத்து மைதானத்தைச் சுற்றி நடந்தோம். முதலில் பாதிச் சுற்றில் உட்கார்ந்துவிடுவார். பிறகு ஒரு சுற்று, பிறகு நான் மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்து நக்கலடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். தட்டில் வைப்பதில் பாதியைத் தள்ளிவைத்தார். என் அண்ணன் சாப்பாட்டைத் தள்ளிவைத்து நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

மாதங்கள் போகப் போக உடம்பு இறங்கியது. பேன்ட் நிற்கவில்லை. தையல் மெஷினை எடுத்து இடுப்பைப் பிடித்துக் கொடுத்தேன். சட்டையையும் கொடுங்கள், பக்கவாட்டில் பிடித்துத் தருகிறேன் என்றதும் பதறிப்போய்ப் பின்னால் இழுத்துக்கொண்டார். 

"சட்டையைத் தொடாதே. அது பாட்டுக்குத் தொளதொளன்னு இருக்கட்டும்."

"ஏன்?"

"கம்பெனில எல்லாரும் கண்ணு போட்டுடுவாங்க. உன் வீட்டுக்காரர்கிட்டயும் நான் எடை குறைச்சிருக்கேன்னு தண்டோரா போடாதே. அப்புறமா நானே சொல்லிக்கிறேன்."

சரி, ஒருநாள் புதுச் சட்டை போட்டு எல்லாரையும் அசத்தப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். தினமும் பார்க்கிற ஆள் இளைப்பது கண்ணுக்குத் தெரியாது, அதுவும் அந்தச் சட்டைக்குள். போதாததற்கு அவர், நான் முடி வெட்டிக்கொண்டு வந்ததைப் பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்த மனிதர்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர் அலுத்துக்கொண்டார்.

"குடோன்ல சின்ன வண்டி ஸ்டியரிங் ஒரு வாரமா லேசா இருக்கு. பின்சக்கரம் தரையில ஒட்ட மாட்டேங்குது. மெக்கானிக்கிட்ட டயரைப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

நான் அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி வைக்கப் போனேன். அவர் கையைக் குறுக்கே வைத்து மறைத்தார். "டயராத்தான் இருக்கும், மாப்பிள்ளை" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டார். நடந்துகொண்டிருந்த சங்கதி முழுக்க அந்தச் சாப்பாட்டு மேசை மேலேயே கிடந்தது. ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது, யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் துவைக்கப் போட்ட பேன்ட்டில் இரண்டு பாக்கெட்டும் தையல் விட்டுத் தொங்கின. "என்னத்தைப் போட்டு வைக்கிறீங்க, கல்லா?" என்றேன். "சாவி" என்றார். கெட்டியான நூல் போட்டு இரட்டைத் தையலாக அடித்துக் கொடுத்தேன். நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "உன் தையல் தையல்தான்" என்று மெச்சிக்கொண்டார்.

போன் வந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர்தான். "ஆஸ்பத்திரிக்கு வா" என்றார். "யாருக்கு?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவர் அழுகிற சத்தம் கேட்டது. அவர் அழுது நான் கேட்டதில்லை.

அவசரப் பிரிவு வாசலில் அவர் நின்றிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சட்டையெல்லாம் ரத்தம், அது அவருடையது இல்லை. அங்கேதான், அந்த வராந்தாவில்தான், குடோனில் இத்தனை நாளாக என்ன நடந்தது என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது.

ஃபோர்க்லிஃப்ட் முன்னால் பாரம் தூக்கும். அதற்கு ஈடாகப் பின்னால் கனத்த இரும்புக் கட்டி ஒன்று இருக்கும். தாங்குகிற அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் எழும்பிவிடும். குடோனில் பெரிய வண்டி ஒன்று, சின்ன வண்டி ஒன்று. பெரியது ரிப்பேராகி, ஏதோ ஒரு பாகம் வரவேண்டும் என்று மூலையில் நின்றது. மோட்டார் பெட்டிகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தன. "பெரிய வண்டி ரெடியாகுற வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்கப்பா" என்றாராம் சூப்பர்வைசர். அந்த 'அட்ஜஸ்ட்' என்கிற வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையில் கிடைத்தால் நான் சும்மா விடமாட்டேன்.

அவர்கள் பண்ணிக்கொண்ட அட்ஜஸ்ட்மென்ட் என் அண்ணன். பெட்டி ரொம்பக் கனமாக இருந்தால், பேக்கிங் மேசையிலிருந்து அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வண்டிக்குப் பின்னால் அந்த இரும்புக் கட்டியின் விளிம்பில் ஏறி நின்று, வண்டியின் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்வார். வண்டி படியும். பெட்டி எழும்பும். எல்லாரும் கைதட்டுவார்கள். அங்கே அவருக்குப் பெயரே எடைக்கல். ஒரு தடவை கடைத்தெருவில் யாரோ "என்ன எடைக்கல்லு, சௌக்கியமா?" என்று கேட்டபோது, குண்டாக இருப்பதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறான் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றார். 

அந்த இரும்புக் கட்டியில் மனிதன் ஏறக் கூடாது என்று ஒரு படம் ஒட்டியிருந்ததாம், ஆள் உருவமும் அதற்குக் குறுக்கே சிவப்புக் கோடும். அண்ணன் உடம்பு உரசி உரசியே அது அழிந்துபோயிருந்தது.

அன்றைக்கு வந்த பெட்டி வழக்கத்தைவிட நீளம், அதனால் பாரம் இன்னும் முன்னால் தள்ளி இழுத்தது. என் கணவர் "மச்சான்!" என்று குரல் கொடுத்தார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். பெட்டி எழும்பியது, வண்டி நகர்ந்தது. வாசல் பக்கம் தரை கொஞ்சம் சரிவு. என் கணவர் பிரேக்கை மிதித்தார். பின்பக்கம் அப்படியே மேலே போனது. அண்ணன் கை நழுவிப் பின்னால் விழுந்தார். முன்னால் பெட்டி சரிந்து தரையில் இறங்கியது. பாரம் போனதும், மேலே போன பின்பக்கம் திரும்ப விழுந்தது. கீழே அண்ணன் கால் இருந்தது.

முட்டிக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்கள். எந்த முட்டியைக் காப்பாற்ற மைதானம் மைதானமாக நடந்தாரோ, அந்த முட்டி. கையெழுத்து யார் போடுவது என்று கேட்டார்கள். நான் போட்டேன். என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணனுடைய துணி. வாங்கியதும் கை கீழே இறங்கியது, அவ்வளவு கனம். பேன்ட்டை வெட்டித்தான் கழற்றியிருந்தார்கள். பாக்கெட்டுகள் மட்டும் முழுசாக இருந்தன. கையை விட்டேன். இரும்பு நட்டுகள், போல்ட்டுகள், மோட்டாரோடு வருகிற தடித்த வாஷர்கள். இரண்டு பாக்கெட்டும் நிறைய. நான் போட்ட இரட்டைத் தையல் ஒரு இழைகூடப் பிரியாமல் அவ்வளவையும் தாங்கிக்கொண்டு இருந்தது.

என் கணவர் அதைப் பார்த்தார். எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

"மச்சான் இளைச்சிருக்கார்" என்றார். "எத்தனை நாளா?"

சொன்னேன். டாக்டர், நடை, பேன்ட் எல்லாம் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா? இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் அவரை ஏத்தியிருக்கவே மாட்டேனே!"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேற யாரை ஏத்தியிருப்பீங்க?"

நான் விடவில்லை.

"எங்கண்ணன் குண்டாவே இருந்திருந்தா நீங்க பண்ணினது சரியாயிருக்குமா? நான் ஸ்டூல்ல ஏறினா கீழ ஆள் பிடிக்கணும். அவர் அங்க தொங்கும்போது யாருங்க பிடிச்சா?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட எனக்கு மனசில்லை. இப்போது நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணன் கண் விழித்துப் பேசத் தொடங்கிய பிறகு சூப்பர்வைசர் பழப்பையோடு வந்தார். கட்டிலுக்குக் கீழ்ப்பக்கம் பார்க்காமல் தலைமாட்டையே பார்த்துப் பேசினார். விசாரணைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். "பெரியவர் ஏதோ விளையாட்டுக்குப் பின்னாடி ஏறிட்டார், டிரைவர் கவனிக்கலைன்னு சொல்லிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல. அவர் வேலையும் போகாது" என்று என் கணவரைக் காட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். 

"அப்படியே சொல்லிடுங்க மாப்பிள்ளை. தமாஷுக்கு ஏறினேன்னு நானும் சொல்றேன். போன காலு வரப்போறதில்ல. உங்க வேலையும் போச்சுன்னா பாப்பா என்ன பண்ணுவா?"

சூப்பர்வைசர் போன பிறகு நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாக்கெட்டில் இருந்ததை அவர் போர்வை மேல் வைத்தேன். அவர் ஒரு நட்டை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்டியரிங் லேசா இருக்குன்னு மாப்பிள்ளை சொன்னாரே, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"அப்ப ஏன்ணே ஏறினீங்க? இளைச்சிட்டேன், இனிமே முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

நட்டைப் போர்வை மேல் வைத்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"ஸ்கூல்ல பெஞ்சு, பஸ்ல சீட்டு, கல்யாணத்துல நாற்காலி. போற இடமெல்லாம் இந்த உடம்பு இடைஞ்சல்தான். அந்த ஒரு இடத்துலதான் பாப்பா, நான் வந்தாத்தான் வேலை நடக்கும். அத்தனை பேரும் எனக்காக நிப்பாங்க. இளைச்சிட்டேன்னு தெரிஞ்சா அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?"

நான் அழுதேன். மைதானத்தில் அவர் முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்த முகம் ஞாபகம் வந்தது. என்னோடு நடந்து நடந்து அவர் எதைக் குறைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாமலே போயிற்று. அவர் உடம்பு தேறுகிறதென்று நான் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டேன்.

விசாரணைக்குப் போகிற அன்று காலையில் என் கணவர் சட்டை பட்டனைப் போட முடியாமல் தடுமாறினார். நான் போட்டுவிட்டேன். நாங்கள் சரியாகப் பேசிக்கொண்டு நாட்கள் ஆகியிருந்தன.

"என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியல."

"அண்ணன் வேலை பாத்துக்கிட்டிருந்தார். விளையாடல. இதை மட்டும் மறந்துடாதீங்க."

சாயங்காலம் வந்து நேரே பின்னறைக்குப் போனார். அண்ணன் அப்போது வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில், வெறுமையாகக் கிடந்த இடத்தில், உட்காரத் தயங்கி நின்றுகொண்டே சொன்னார்.

"நான்தான் கூப்பிட்டேன்னு சொல்லிட்டேன் மச்சான். மாசக்கணக்கா நடந்துச்சு, எல்லாரும் கூட நின்னு கைதட்டினோம்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு மாப்பிள்ளை?" என்று அண்ணன் கடிந்துகொண்டார். ஆனால் அவர் கை நீண்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டது.

என் கணவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது பேக்கிங் மேசையில், அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தில், பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறார். சூப்பர்வைசரை வேறு குடோனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் யாரிடமாவது அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லிக்கொண்டிருப்பாரோ என்னவோ. அண்ணன் அடிபட்டது வேலையின்போதுதான் என்று எழுதினார்கள். அது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

படுத்தே கிடந்ததில் அண்ணனுக்குப் பழைய உடம்பு திரும்பிவிட்டது. செயற்கைக் கால் பொருத்தக் கூட்டிப்போக வேண்டும். பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. போன வாரம், நான் பிடித்த இடுப்பை நானே பிளேடால் பிரித்துக்கொண்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வேலை முடிந்து வந்து, சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். தினமும் வந்து உட்காருவார். பேச்சு அதிகம் இருக்காது.

அண்ணன்தான் ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, இப்பல்லாம் பெரிய பெட்டி வந்தா பின்னாடி யார் நிக்கிறாங்க?"

"யாரும் நிக்கிறதில்ல மச்சான். பெரிய வண்டி ரெடியாயிடுச்சு."

"எப்போ?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்பவே. விசாரணைன்னதும் உடனே பாகம் வாங்கி மாட்டிட்டாங்க. கைக்குள்ள அடங்குற சாமான்தான்."

அண்ணன் தலையாட்டினார்.

"அப்ப, நான் ஏறி நிக்காமலே அந்த வேலை நடந்திருக்கும். இல்ல?"

நான் பிரிப்பதை நிறுத்திவிட்டேன். ஏதாவது பூசி மெழுகிச் சொல்லுங்களேன் என்று என் கணவரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை.

"நடந்திருக்கும் மச்சான்" என்றார்.

"சரி" என்றார் அண்ணன். அப்புறம் என் கையில் இருந்த பேன்ட்டைப் பார்த்து, இடுப்பை இன்னும் கொஞ்சம் தாராளமாக விடச் சொன்னார்.